குணசேகரன் கடைசியாகப் போட்ட கல்

குணசேகரன் இறந்த அன்று காலையில்தான் வாய்க்காலோரப் பட்டறையில் வீடு கட்டும் புதுக் கல் போட்டிருந்தார். உமிச்சாம்பலும் சிமெண்டும் கல்தூளும் கலந்து மெஷினில் அழுத்தி எடுத்த கல். தண்ணீர் காட்டாமல் வெயிலில் விட்டால் பொரிந்து உதிர்ந்துவிடும். இரண்டு வாரமாவது தினமும் நனைக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுக் குடவாசலுக்குத் திரும்பியவர். ரைஸ்மில்காரர்கள் வாய்க்கால் கரையில் சாம்பலை மலையாகக் கொட்டியிருந்ததைப் பார்த்துத்தான் இந்தத் தொழில் தோன்றியது. "சாம்பல்ல வீடு கட்டினா விளங்குமா?" என்று ஊரே கேட்டது.

"அடுப்புலயும் சாம்பல்தான் இருக்கு. அந்தச் சோத்தைத் தின்னு விளங்காமயா போயிட்டோம்?" என்பார்.

லாரி போகும் தெருவில் குடியிருந்த வாலாம்பாள் டீச்சர் மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. சாம்பல் லாரி போகும்போதெல்லாம் கொடியில் காயும் புடவை கறுக்கிறது என்று சண்டைக்கு வருவார்.

கருமாதி முடியும்வரை குணசேகரனின் மனைவி குந்தவை வெளியே போக முடியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்தார்கள், அழுதார்கள், வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அவள் தலை நிமிரவில்லை. மனசெல்லாம் பட்டறையில் கிடந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் ரூம் சாவி ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. புருஷன் போன வீட்டில் கல்லைப் பற்றிப் பேசினால் என்ன நினைப்பார்கள்? அவர் கையால் போட்டது உதிர்ந்துபோகும் என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

காரியம் முடிந்ததும் சாவியோடு போனாள். கற்கள் நனைந்து, கறுத்து நின்றன. இரண்டை எடுத்துத் தட்டினாள். கணீரென்றது.

சாம்பல் லாரி ஓட்டும் சித்தீக் அங்கே நின்றான். "நீயா தம்பி தண்ணி ஊத்துனே?"

"மொத நாள் மட்டும் நான்தான்க்கா. வாய்க்கால்ல மொண்டு ஊத்திட்டு, பக்கெட்ட வச்சிட்டு டிரிப்புக்குப் போயிட்டேன். அப்புறம் எப்ப வந்தாலும் ஈரமாத்தான் இருந்துச்சு. உங்க வீட்டுக்கு வந்துட்டு வாய்க்கால்ல குளிக்கப் போறவங்க ஊத்தியிருக்காங்க."

"யார் யாரு?"

"அது யாருக்குத் தெரியும். டீச்சர மட்டும் ஒருநாள் பாத்தேன்."

"எந்த டீச்சரு?"

"நம்ம டீச்சருதான். ஒரு பக்கெட்டு ஊத்துறதுக்குள்ள எனக்கு நாலு திட்டு. லாரிக்கு ஒரு தார்ப்பாய் போட மாட்டியாடான்னு."

குந்தவைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

மறுநாளே தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தாள். மற்றவர்கள் யாரென்று மட்டும் பிடிபடவே இல்லை. குனிந்தே உட்கார்ந்திருந்தவளுக்கு வந்தவர்களின் கால்கள்தான் நினைவில் இருந்தன. அதனால் இப்போதெல்லாம் தெருவில் யார் எதிரே வந்தாலும் அவள்தான் முதலில் நின்று, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள்.