ஒன்றை அழுத்தாத மோட்டார்

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் அபிஷேகப்பாக்கத்தில் இருக்கிற என் இரண்டு காணி நிலத்துக்கு, வில்லியனூர் வீட்டில் உட்கார்ந்தபடியே தண்ணீர் பாய்ச்சிய முதல் ஆள் நான்தான். அப்பன் வைத்துவிட்டுப் போன நிலமில்லை. செங்கல் லாரி ஓட்டி நானே வாங்கியது, போர்வெல்லும் நானே போட்டது. மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம். அந்த நம்பருக்குப் போன் போட்டால் பெட்டி தானாக எடுக்கும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். படித்தவனெல்லாம் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தபோது நான் காபி குடித்துக்கொண்டே பாய்ச்சினேன்.

அந்த சிம்முடைய கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வாங்கட்டும், எனக்கென்ன என்றிருந்தேன்.

அப்போது என் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆறு நாள் கிடந்தேன். நெல் பூ எடுத்திருந்த நேரம். ஒரு நாள்கூடக் காயவிடக் கூடாது. பெட்டிக்குப் போன் போட்டால் லைன் போகவில்லை. கம்பெனிக்குப் போட்டுக் கேட்டேன்.

“ரெண்டு கம்பெனி டவரையும் ஒண்ணா சேக்கறாங்க சார். ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

நம்பினேன். பக்கத்து நிலத்துக்காரரிடம் மோட்டாரைக் கையால் போட்டுவிடச் சொல்லியிருக்கலாம்தான். அவர் வரப்பில் நடப்பதைக் கேலி செய்தவன் நான், எந்த வாயால் கேட்பது?

மனைவியை வீட்டில் விட்ட கையோடு நிலத்துக்குப் போனேன். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடை அரைக் காணி விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இன்னாபா, வூட்ல இருந்தே ஓட்டற ஆளாச்சே நீ! வேணும்னுதான் காயப் போட்டிருக்கன்னு நெனச்சேன்.”

“பூ எடுத்த பயிர எவன்யா காயப் போடுவான்? ஒரு போன் பண்ணக் கூடாது?”

“உனுக்கு நான் சொல்றதா? நீதான எங்களுக்குப் பாடம் நடத்துவ!”

பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டாரைக் கையால் போட்டேன். நேராக வில்லியனூரில் இருக்கிற கம்பெனி கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்:

“ஐயா, புது கம்பெனிக்கு மாற சம்மதமான்னு கேட்டு மூணு தடவ கால் போயிருக்கு. சம்மதம்னா ஒன்ன அழுத்தணும். கஸ்டமர் போன எடுத்திருக்காரு, ஆனா எதையும் அழுத்தல. அதனால லைன மூடிட்டாங்க.”

“யாரும்மா கஸ்டமரு? அது மோட்டாரும்மா!”

கம்பெனி மிஷின் போன் போட்டு ஒன்றை அழுத்து என்றிருக்கிறது. என் பெட்டியும் போனை எடுத்து, யாராவது ஒன்றை அழுத்துவார்கள் என்று காத்திருந்திருக்கிறது. இப்படி மூன்று முறை!

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. “கஸ்டமர் போன கொண்டாங்க ஐயா, செக் பண்ணலாம்” என்றாள்.

மறுநாள் ஸ்டார்ட்டரிலிருந்து பெட்டியைக் கழற்றி, ஒயரும் சேறுமாக அவள் மேசைமேல் வைத்தேன்.

“இந்தா உங்க கஸ்டமரு. சம்மதமா இல்லியான்னு நீயே கேளு!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“நான் சம்பளத்துக்கு இருக்கறவ ஐயா. என்கிட்ட கத்தி இன்னா பண்றது?”

நியாயம்தான். கத்த வேண்டியவன் எந்த ஊரில், எத்தனையாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறானோ! டவரைச் சேர்த்தான், ஆட்களைச் சேர்த்தான், போனை எடுத்தது மனுசனா மோட்டாரா என்று பார்க்க அவனுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. பழைய நம்பர் திரும்ப வராது என்று புது சிம் கொடுத்தார்கள். காய்ந்த பயிருக்கு யார் தருவது என்று கேட்டேன், வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அறுப்பு மிஷின் வந்தபோது மோட்டாரை ஒட்டின பக்கம் தப்பித்திருந்தது. கடைமடையில் ஒரு கதிரைப் பிடித்துக் கசக்கினேன். அத்தனையும் கருக்காய், உள்ளே அரிசியே இல்லை. டிரைவர் மேலேயிருந்து கேட்டான்.

“பெருசு, இதுலயும் வுடவா?”

“வுடாத. டீசலுக்குக்கூட ஆவாது.”

மாட்டை அவிழ்த்து அந்த அரைக் காணியில் விட்டேன்.