எம்பி வெட்டிவிட்ட வெள்ளம்

எங்கள் எம்பி வேலை செய்யாதவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். போன் எடுத்தால் கதைப்பார். செத்தவீட்டுக்கு வருவார். கடலில் பிடிபட்ட படகை மீட்க, ஆசுபத்திரியில் கட்டில் எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்று சனம் அவரிடம்தான் ஓடும். அவரும் ஆள் பார்க்காமல் செய்து கொடுப்பார். அப்படி அவர் செய்து கொடுத்த ஓர் உதவியால்தான் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது.

எங்கள் குடியிருப்பு மன்னார்த் தீவில், கடலுக்குக் கிட்டப் பள்ளமான காணியில் இருக்கிறது. இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த இடம். கொஞ்சத் தூரம் மேலே ஏறினால் இன்னொரு குடியிருப்பு. அங்கேதான் என் சிநேகிதி இருக்கிறாள். மண்டபம் முகாமில் இரண்டு பேரும் ஒரே வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். திரும்பி வந்தபோது அவளுக்கு மேலே காணி விழுந்தது, எனக்குக் கீழே விழுந்தது. நண்டு உடைக்கிற கொம்பனியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. ஒரே மேசையில் முகத்துக்கு முகம் பார்த்து இருந்து சதை எடுப்போம். கை ஓயாது, வாயும் ஓயாது.

இரண்டு குடியிருப்புக்கும் நடுவில் ஒரு மண்பாதை இருந்தது. முன்பெல்லாம் மாரித் தண்ணீர் அதன்மேல் ஏறிப் பரவி, இரண்டு பக்கமும் கணுக்கால் அளவு கிடந்து, மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கிவிடும். பிறகு யாரோ பாதையை இடுப்பளவு உயர்த்திக் கிறவல் மண் போட்டார்கள். தண்ணீர் போக ஒரு மதகு வைக்கவில்லை. அந்த மாரியில் மேலிருந்து வந்த தண்ணீர் முழுவதும் சிநேகிதியின் பக்கம் தேங்கி நின்றது. மலசலகூடக் குழிகள் நிரம்பிக் கிணற்றோடு கலந்தன. அங்கத்தைய சனம் றோட்டில் குந்தி மறியல் செய்தார்கள். எம்பி வந்தார்.

அவர் வந்த விதத்தைப் பிறகு எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கினாராம். பொறியியலாளருக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கப் பேசினாராம். அரசாங்கக் கந்தோரில் இருந்து பதில் வர நேரமாகும் என்றதும், தெரிந்த ஒருவருடைய மண் தோண்டுகிற பெக்கோவைக் கொண்டுவந்து தானே பக்கத்தில் நின்று அந்த உயர்த்திய றோட்டை வெட்டுவித்தாராம்.

மழைக்குக் கொம்பனி பூட்டியிருந்த நாள் அது. மத்தியானம் குசினியில் உலை வைத்துக்கொண்டிருந்தபோது சிநேகிதி போன் எடுத்தாள்.

"எடியே, தண்ணி வடியுதடி! எம்பி நிண்டு றோட்டை வெட்டுவிச்சவர். எங்கட முற்றம் தெரியத் தொடங்கிட்டுது!"

"மாதாவே, நல்ல காரியம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மூன்று நாளாகக் கட்டிலின் மேல் அடுப்பு வைத்துச் சமைத்தவள் அவள்.

அவள் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே என் மனுசன் கத்தினார்: "தண்ணி வருதப்பா! பிள்ளையைத் தூக்கு!"

கிடுகுவேலிக்குக் கீழால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. செருப்பு, வைக்கோல், பிளாத்திக் போத்தல், அதோடு மலமும். படியில் ஏறி, குசினிக்குள் வந்து, அடுப்பை அணைத்தது.

"என்னடி சத்தம்?" என்று போனில் கேட்டாள்.

"தண்ணி. எங்கட வீட்டுக்கை."

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எங்கத்தைய தண்ணி?"

நான் போனை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். அது எங்கத்தைய தண்ணீர் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மாதா கோயில் மண்டபத்தில் போய் இருந்தோம். அடுத்த நாள் எம்பி சாப்பாட்டுப் பார்சல்களோடு அங்கேயும் வந்தார். ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தார். என்னிடம் நீட்டியபோது நான் வாங்கவில்லை.

"ஐயா, மேல வெட்டினீங்களே, தண்ணி எங்க போகுமெண்டு நினைச்சனீங்கள்?"

"கடலுக்கெண்டுதானம்மா சொன்னவங்கள்."

"கடலுக்கு முன்னால நாங்கள் இருக்கிறமே."

அவர் திரும்பிக் கூடவந்த தன் செயலாளரைப் பார்த்தார். "இதுக்குள்ள ஆக்கள் இருக்கினமெண்டு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

போன தேர்தலுக்கு இதே கோயில் முற்றத்தில்தான் அவருக்கு மாலை போட்டோம். நாங்கள் இருக்கிறோம் என்பது வாக்குக் கேட்க வரும்போது தெரிந்திருந்தது. பெக்கோவைக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் மறந்துபோனது.

ஆனால் அவருடைய முகம் உண்மையாகவே வாடியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கேயே நின்று போன் எடுத்தார், சத்தமாகப் பேசினார். வெட்டிய இடத்தில் இருந்து கடல்வரை வாய்க்கால் வெட்டித் தருவதாகச் சொன்னார். "அடுத்த மாரிக்கு முன்னம் முடியும். என்னை நம்புங்கோ." சனம் கைதட்டியது. என் மனுசனும் தட்டினார்.

வாய்க்கால் வந்தது. கோடையில் இயந்திரம் வந்து, றோட்டில் இருந்து எங்கள் வேலி ஓரமாகத் தோண்டிக்கொண்டே போனது. கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால் மதில் கட்டிய காணி ஒன்று. கொழும்பில் இருக்கிற யாருடையதோ. மதிலடியில் வேலை நின்றது. இயந்திரம் போய்விட்டது.

அதற்கும் எம்பி சும்மா இருக்கவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் இதைக் கிளப்பினார். ஒரு திணைக்களம் வாய்க்கால் தங்களுடையது இல்லை என்றது, மற்றது மதிலைத் தொடத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. கடைசியாகப் பாராளுமன்றத்திலும் பேசினார். பேசப் போகிறார் என்று செயலாளர் அறிவித்ததால், நாங்கள் போனைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தோம். நன்றாகத்தான் பேசினார், குரல்கூடத் தழுதழுத்தது. ஆனால் வெள்ளத்தில் கிடக்கிற ஊர் என்று அவர் சொன்ன பெயர் சிநேகிதியின் குடியிருப்பினுடையது. எங்கள் பெயர் கடைசிவரை வரவில்லை.

அடுத்த மாரி பிறந்தது. இப்போது தண்ணீர் பரவி வரத் தேவையில்லை. வாய்க்கால் அதை நேரே எங்கள் வேலிக்குக் கொண்டுவந்து, மதிலில் முட்டி, எங்கள் முற்றத்துக்குள் திருப்பிவிட்டது. எங்கள் பக்கத்து ஆண்கள் மண்மூட்டைகளைச் சுமந்துபோய் றோட்டில் வெட்டின இடத்தை அடைத்தார்கள். பின்னேரம் மேல் குடியிருப்பு ஆண்கள் வந்து மூட்டைகளை இழுத்தெறிந்தார்கள். முன்னால் நின்றவர் சிநேகிதியின் புருசன். என் மனுசனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போய்வந்தவர்.

"மச்சான், விடு மூட்டையை" என்றாராம் அவர்.

"நீ விடு மச்சான்" என்றாராம் இவர்.

யார் முதலில் மண்வெட்டியை ஓங்கியது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் மனுசனுக்கு வலது கை முறிந்தது. அவருக்கு மண்டை பிளந்தது. மருந்து கட்டியதும் இரண்டு பேரையும் பொலிசு கொண்டுபோனது.

பொலிசு முற்றத்தில் நான் ஒரு மூலையில், அவள் ஒரு மூலையில். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"உன்ர மனுசன் அடைச்சா எங்கட பிள்ளையள் எங்கயடி படுக்கிறது?"

"உன்ர மனுசன் திறந்தா எங்கட பிள்ளையள் எங்க படுக்கிறது?"



எம்பி வந்தார். உள்ளே போய் அதிகாரியோடு சிங்களத்தில் சிரித்துக் கதைத்தார். "ரெண்டு பேரும் என்ர ஆக்கள், நான் பொறுப்பு" என்று சொல்லி வெளியே எடுத்தார். வாசலில் வைத்து இரண்டு பேரையும் கைகுலுக்கச் சொன்னார். என் மனுசனுக்கு வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையைக் கொடுத்தார். செயலாளர் படம் எடுத்தார். இரு ஊர்ச் சண்டையை எம்பி தீர்த்துவைத்தார் என்று அன்றைக்கே அந்தப் படம் போனில் சுற்றியது. அதில் இரண்டு ஆண்களும் நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

கொம்பனியில் அவள் கேட்டுத் தன் இடத்தை வேறு மேசைக்கு மாற்றிக்கொண்டாள். நான் கேட்கவிருந்தேன், அவள் முந்திவிட்டாள். என் மனுசனின் கை பொருந்தியது, ஆனால் வலை இழுக்கிற பலம் திரும்பவில்லை. இப்போது கரையில் இருந்து மற்றவர்களுடைய கிழிந்த வலையைப் பொத்தித் தைக்கிறார்.

தேர்தல் வந்தபோது, "ஆருக்குப் போடப் போறியள்?" என்று அவரைக் கேட்டேன்.

"அவருக்குத்தான். அந்தாள் வராட்டி நான் ஜெயிலிலை கிடந்திருப்பன்."

"அந்தாள் வெட்டாட்டி உங்கட கை முறிஞ்சிருக்காது."

"மற்றவங்கள் எங்கட பக்கம் எட்டியும் பாக்கேல்லையே" என்றார். நானும் அவருக்கே போட்டேன்.

வாக்குச்சாவடி வரிசையில் சிநேகிதி எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்துவிட்டு, "கை எப்பிடி?" என்று கேட்டாள்.

"முழுக்க மடக்க ஏலாது."

"இவருக்கும் தலையிடி போகேல்லை."

வரிசை நகர, அவள் முன்னே போனாள்.

எம்பி வென்றார். இந்த மாரிக்கு வெட்டின இடத்தில் இரண்டு பொலிசுக்காரர் நிற்கிறார்கள். மறுபடி அடிபாடு வரக்கூடாது என்று எம்பிதான் கேட்டு ஒழுங்கு செய்தவர். அவர்களுக்கு மழைக்கு ஒதுங்கத் தகரக் கொட்டில் ஒன்றும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூட்டை போட ஒருவரும் கிட்டப் போக முடியாது. தண்ணீர் எங்கள் பக்கம் வருகிறது.