அத்தையின் வலப்பக்கம்

அத்தைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டில் முதலில் சொன்னவள் நான்தான். எட்டு வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ரங்கூனில் குண்டு விழுந்ததும் அத்தையைக் கப்பலேற்றிவிட்டு, நடந்தாவது வந்துவிடுகிறேன் என்று மாமா அங்கேயே தங்கிவிட்டார். அத்தை எங்கள் நெமிலிச்சேரி வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகியும் அவரைப் பற்றித் தகவல் இல்லை. தினமும் விடிந்ததும் அத்தை களத்துமேட்டில் போய் நிற்பாள். முழங்காலை லேசாக மடித்து, ஒரு குடத்து நீரை இன்னொரு குடத்துக்குச் சிந்தாமல் மாற்றுவதுபோல, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவாள். கைகள் காற்றை மெல்லத் தள்ளும், மெல்ல இழுக்கும். ரங்கூனில் பக்கத்து வீட்டுச் சீனாக்காரர் சொல்லிக்கொடுத்ததாம். மூச்சு அவசரப்படாவிட்டால் மனசும் அவசரப்படாதாம். அதற்குத் தாய்ச்சி என்று பெயர் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பெயர் பேய்.

அம்மா ஆள் அனுப்பி, வெள்ளிக்கிழமை காலை பூசாரி உடுக்கையும் வேப்பிலையும் பிரம்புமாக வந்துவிட்டார். பிரம்பைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அத்தை அடி வாங்கினால் அது என்னால்தான். அத்தையோ, வழக்கம்போலச் செய்கிறேன், பார்த்துவிட்டு அடியுங்கள் என்று களத்தில் இறங்கிவிட்டாள்.

உடுக்கை வேகமெடுத்தால் எந்தப் பேயும் கூடவே வேகமெடுத்து ஆடும் என்பது பூசாரியின் அனுபவம். அவர் அடித்த அடியில் எங்கள் மாடு மிரண்டது. அத்தையின் கை மட்டும் தன் போக்கில் போனது. வெகுநேரம் கழித்துப் பார்த்தால், உடுக்கைதான் அத்தையின் வேகத்துக்கு இறங்கியிருந்தது.

பூசாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: “பேயும் இல்ல, கீயும் இல்லம்மா. பேய்க்கு இம்மாம் பொறுமை ஏது?”

காவு கொடுக்க வைத்திருந்த சேவலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து நானும் அத்தையோடு நின்றேன். அவளுடைய வலப்பக்கம் போய் நின்றால் மட்டும், “இந்தாண்ட வாடி” என்று தோளைப் பிடித்து இடப்பக்கம் மாற்றிவிடுவாள். ஏன் என்று கேட்டால், “மூச்சப் பாரு” என்பாள்.

ஆடி முடியும் சமயத்தில் மாமா வந்து சேர்ந்தார், எலும்பும் தோலுமாக, பாதமெல்லாம் துணிக்கட்டோடு. இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் விடியலில் யாரும் கூப்பிடாமலே களத்துக்கு வந்து, அத்தையின் வலப்பக்கம் நின்று கையைத் தூக்கினார்.

உடுக்கைக்கே அசையாத அத்தை, அன்று தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். எனக்கு நின்று நின்று கால் கடுத்தது. மாமாவுக்கு ஒன்றும் சரியாகச் செய்யத் தெரியவில்லை, அவரோடு சேர்ந்து அத்தைக்கும் மறந்துபோய்விட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அம்மா இந்த முறை பூசாரிக்கு ஆள் அனுப்பவில்லை.