எண்ணெய் போட்ட பிரேக்

சின்ன முதலாளியின் கார் என் கைக்கு வந்தபோதே அது பழைய கார்தான். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் அவர் வாங்கியது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கித்தான் கூரை. பந்தயத்துக்கென்றே செய்த இனம் என்பார்கள். ஆம்பூரில் அதோடு போட்டிக்கு வர மாட்டு வண்டிகள்தான் இருந்தன.

ஓடுவதில் அதற்குக் குறையே இல்லை. நிறுத்தி வைத்தால் நிற்பதில்தான் குறை. கை பிரேக்கை எவ்வளவு இழுத்துப் போட்டாலும், தரை கொஞ்சம் சரிந்திருந்தால் போதும், நாங்கள் இறங்கியதும் அதுவும் கிளம்பிவிடும். நாலு பேர் எதிரில் நின்று பேசவே எனக்குக் கூச்சம். அந்த நாலு பேர் பார்க்கக் காருக்குப் பின்னால் ஓடுவது எப்படி இருந்திருக்கும்? மேல்விஷாரத்தில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் அது மெதுவாகப் பின்வாங்கிப் போய், பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்திலிருந்த விறகு அடுக்கில் முட்டி நின்றது. சமையல்காரர் கிண்டுவதை நிறுத்தாமலே கேட்டார்: "இன்னாய்யா, உன் வண்டிக்கும் பசிக்குதா?" பந்தல் முழுக்கச் சிரித்தது. நான் அன்றைக்குச் சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் எல்லா மோட்டார்களையும் வேலூருக்குக் கொண்டுவந்து போலீஸில் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேட்டில் நிறுத்தி, கை பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்களாம். சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு, தன் அப்பா பெரிய முதலாளி சொன்னதைச் சொன்னார்.

"அத்தா சொல்லிட்டாரு. பிரேக்கு நிக்கலேன்னா வண்டிய வித்துடணுமாம். உன்னை மறுபடியும் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பிடுவாராம். எனக்கும் பேஜாராத்தான் இருக்கு. ஏதாவது பண்ணு."

டிரைவர் ஆவதற்கு முன் அவர்களுடைய டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில்தான் நான் இருந்தேன். ஊறிய தோலை இழுத்துப் போட்டுப் போட்டுக் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். அந்த வாடை துணியை விட்டுப் போனாலும் மூக்கை விட்டுப் போகாது. காரை ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் என் பெண்டாட்டி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அங்கே திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

முதலில் பிரேக் கம்பியின் முனையில் இருந்த திருகை இறுக்கினேன். பலிக்கவில்லை. கை பிரேக் பிடிக்கும் பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன். உள்ளே இருக்கும் பிரேக் கட்டையின் மேல் ஆணி அடித்துப் பொருத்தியிருந்த லைனிங் தேய்ந்து, ஆணித் தலைகள் தெரிந்தன. டிரம்மைக் கவ்விப் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. இந்தப் பழைய காருக்கு லைனிங் வேண்டுமானால் சீமையிலிருந்துதான் வர வேண்டும் என்று மதராஸில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் டேனரியில் தோலுக்கு எண்ணெய் போடும் வேலை செய்த பாய் ஒருவர் இருந்தார். என் வயதுதான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எருமைத் தோல் போட்டுப் பாரேன். மிஷின் பெல்ட்டே தோல்லதான் ஓடுது. உன் பிரேக்கு ஓடாதா?"

"ஓடக் கூடாது பாய். நிக்கணும்."

"ரெண்டும் தோலுதானே" என்றார்.

நல்ல கனமான தோலாகப் பார்த்து அவரே வெட்டினார். வழக்கப்படி புங்க எண்ணெய் ஊற்றி, உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தேய்த்துத் தேய்த்து ஊட்டினார். கையில் வாங்கினால் பட்டு மாதிரி இருந்தது. ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வாங்கித் தடவிப் பார்த்து மெச்சினார்கள், நானும்தான். எண்ணெய் போடாத தோல் எங்கள் டேனரியின் வாசலைத் தாண்டியதே கிடையாது. அதனால் ஒருவருக்கும் வேறு யோசனை வரவில்லை. செம்பு ஆணி அடித்துக் கட்டையில் பொருத்தினேன்.

பாலாற்றுக்கு இறங்கும் சரிவில் காரை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு இறங்கினேன். முன்பெல்லாம் கொஞ்சம் முனகிவிட்டாவது கிளம்பும். இந்த முறை சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பாய் எருமையை அதட்டுவது போல "தோ, நில்லு, நில்லு" என்று கூடவே நடந்தார். ஆற்று மணல்தான் அதை நிறுத்தியது.

திறந்து பார்த்தால் டிரம்மின் உள்பக்கம் முகம் பார்க்கலாம் போல எண்ணெய் மினுங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாயிடம் அதைச் சொல்வதற்குள் ஷெட்டை எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது.

"எண்ணெ ஜாஸ்தி ஆயிடுச்சா? கம்மியா போடவா?" என்று அவரே கேட்டார்.

"போடவே வேணாம் பாய்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காஞ்ச தோலை என் கையால வெளிய அனுப்பணுமா? பாக்கறவன் காறித் துப்புவான்யா."

"யாரும் பாக்க மாட்டாங்க பாய். டிரம்முக்குள்ளதான் இருக்கும்."

"உள்ளதானே?"

"உள்ளதான்."

"போலீஸ்காரன் திறந்து பாக்க மாட்டானே?"

"மாட்டான்."

தோலைப் பதப்படுத்தும் பட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து, எண்ணெய்க்கு வராமல் காய்ந்து கிடந்த தோல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். பலகை மாதிரி இருந்தது. சொரசொரப்பான அடிப்பக்கம் டிரம்மைத் தொடும்படி நான் வைத்ததும், "மூஞ்சிய மறைச்சு முதுகக் காட்டறியேய்யா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். டிரம்மை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சாம்பல் போட்டு எண்ணெய்ப் பசை போகத் தேய்த்தேன்.

வேலூரில் மைதானத்துக்குப் பின்னால் ஒரு மேடு. அதன் நடுவில் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். சின்ன முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கை பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் நின்றது. இரண்டு கான்ஸ்டபிள்களை விட்டுத் தள்ளச் சொன்னார். அவர்கள் பூட்ஸ்தான் மண்ணில் சறுக்கியது.

"பழைய வண்டியா இருந்தாலும் பிரேக்கு புதுசு போல. எங்க வாங்கினீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நம்ம ஊரு சரக்குதான்" என்றார் சின்ன முதலாளி. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கிளம்பலாம் என்று பிரேக்கை விடுவித்தேன். கார் அசையவில்லை. தோல் டிரம்மைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதே கான்ஸ்டபிள்கள் மறுபடி வந்து முன்னும் பின்னும் ஆட்டிய பிறகுதான் விட்டது. ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பிரேக்கு நிக்குதுன்னு முதல்லயே நம்பியிருக்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது சின்ன முதலாளி, "நாளைக்குக் குடியாத்தம் போவணும். காலையிலயே வந்துடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"சரிங்க முதலாளி" என்றேன்.

பள்ளிகொண்டா தாண்டும்போது என்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். "சத்தமாத்தான் பாடேன்" என்றார் அவர். உடனே நிறுத்திக்கொண்டேன்.