தையல் டீச்சர் எழுதிய தீர்மானம்

ஆடி மாதத்து மழையில் ஊட்டியில் காகிதம்கூட நமுத்துப்போகும். எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவின் மினிட்ஸ் நோட்டும் அப்படித்தான், ஓரமெல்லாம் சுருண்டு எழும்பி நிற்கும். தையல் டீச்சர் இடது உள்ளங்கையால் பக்கத்தை நீவி அழுத்திக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டே போவார். யார் பேசினாலும் தலை நிமிராது. அச்சடித்தது போன்ற அந்தக் கையெழுத்துக்காகவே, குழுவில் உறுப்பினராக இல்லாத அவரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அவர் எழுதலாம், பேசக் கூடாது. அதுதான் ஏற்பாடு. பேசுகிற நாற்காலி என்னுடையது. நான் ஆசிரியர்களின் பிரதிநிதி.

காந்தலிலிருந்தும் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் நடந்தே வந்த சின்னப் பள்ளி அது. திருச்சபை நடத்தியது. நான் அங்கே கணக்கு வாத்தியார். ஆறாம் வகுப்புக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும், பையன்கள் உட்பட, டீச்சர் நடத்தும் முதல் பாடம் ஒன்றே: அவரவர் ஸ்வெட்டருக்கு அவரவரே பொத்தான் தைப்பது. இதற்கொரு பீரியடா என்று நான் கேலி செய்வேன். "கணக்கு வராட்டியும் பொழச்சுக்கலாம் சார். இந்தக் குளுருக்கு ஸ்வெட்டர் இல்லாம பொழைக்க முடியுங்களா?" என்பார். ஸ்டாஃப் ரூமே சிரிக்கும்.

பிறகு தனியார் பள்ளி வேன்கள் எஸ்டேட் ரோடு வரைக்கும் ஏறி வரத் தொடங்கின. எங்கள் வகுப்புகளில் பெஞ்சுகள் காலியாயின. தாளாளர் பயந்துபோனார். கெட்ட மனிதர் அல்ல, பள்ளி மூடிப்போய்விடக் கூடாது என்பது மட்டுமே அவர் கவலை. அந்த ஆடியில் கூட்டத்துக்கு மூன்று பொருள்கள் வைத்தார். ஆறாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழிப் பிரிவு. ஸ்மார்ட் போர்டுடன் ஒரு கம்ப்யூட்டர் லேப். அந்த லேப்புக்குத் தையல் அறையை எடுத்துக்கொண்டு, தையல் பாடத்தையும் தையல் ஆசிரியை பணியிடத்தையும் நீக்குவது. அந்தப் பணியிடம் அரசு தந்ததல்ல, நிர்வாகம் தந்தது. ஆகவே நிர்வாகம் நினைத்தால் எடுத்துவிடலாம்.

கூட்ட அறிவிப்பையும் டீச்சர்தான் எழுத வேண்டும். எனவே தன் வேலை போகப்போகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டவர் அவர்தான். அவர் கணவர் மசினகுடியில் ஜீப் ஓட்டியவர், முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். மதிய இடைவேளையில் டீச்சர் என் மேசைக்கு வந்தார். "எனக்காக நீங்க பேசோணுங்க சார். அங்க எனக்கு வாய் கிடையாதுங்களே" என்றார். "அரை மணி நேரம் பேசறனுங்க டீச்சர், நீங்க பேசாம இருங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை. அவரிடம் படித்துத் தையல் கடை வைத்துப் பிழைக்கும் பெண்களின் பெயர்களை விசாரித்து, ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் முதல் பொருள் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது லேப். தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம கணக்கு சார்தான் இதுக்குச் சரியான ஆளுங்க. லேப் பொறுப்பை அவருகிட்டயே குடுத்துரலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, மறைப்பானேன். அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் மூன்றாவது பொருளை வாசித்து, "யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டார். தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சீட்டு பையில்தான் இருந்தது. இப்போதுதானே கை தட்டினார்கள், உடனே எப்படி எதிர்த்துப் பேசுவது என்று இருந்தேன். வாயில் கொழுக்கட்டையா என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது டீச்சர் தலை நிமிர்ந்தார். அத்தனை வருடங்களில் கூட்டத்தின் நடுவே அவர் நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். "ஆசிரியர் பிரதிநிதி சொன்னதை எப்படிங்க சார் எழுதட்டும்?" என்று என்னைக் கேட்டார். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். சொல்வதற்கு இடம் விட்டுக் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே டீச்சர்" என்றேன்.

அவர் குனிந்து எழுதினார். எழுதியவரே எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். தையல் ஆசிரியை பணியிடத்தை இந்தக் கல்வியாண்டு முடிவுடன் நீக்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று குரல் பிசகாமல் வாசித்தார். நோட்டு கையெழுத்துக்காக என்னிடம் வந்தபோது பக்கம் சுருண்டது. அவரே எட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. அந்தச் சீட்டில் இருந்த அத்தனையையும் அன்றைக்குப் பேசினேன், ஒரு பெயர் விடாமல், முழுதாக அரை மணி நேரம். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. லேப் வந்தது, பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தையல் மிஷின்கள் மட்டும் தாழ்வாரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து துருப்பிடித்தன.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் காந்தலில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய பிளவுசுக்கோ ஹெம்மிங் செய்துகொண்டிருந்தார். டீ கொடுத்தார், என் முழங்கால் வலியை விசாரித்தார். ஒரு மணி நேரம் எதையெதையோ பேசிவிட்டு, எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் எனக்கு அது வாயில் வந்தது. "அன்னிக்கு நான் பேசியிருக்கோணும் டீச்சர்."

"நீங்க பேசியிருந்தாலும் வேலை போயிருக்குமுங்க சார். அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். கோபம் இல்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு வருசம் அந்த நோட்டுல அடுத்தவங்களுக்காகப் பேசினதையே எழுதினனுங்க. எனக்காக ஒருத்தர் பேசினாருன்னு ஒரு வரி எழுதியிருப்பனுங்களே."