மெத்தையை வெளியே போட்டோம்

காலையில் கண் விழித்ததும் மகள் யாழினியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுதான் ஓசூரில் என் முதல் வேலை. மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போக மனம் வராது. போடியில் இருந்தவரை மூச்சு விடுவதற்கெல்லாம் பயப்படுவார்கள் என்றே எனக்குத் தெரியாது. நம்மூரில் இலவம் பஞ்சு தெருவெல்லாம் பறக்கும். என் மாமனார் மெத்தைக் கடைக்காரர். மாலையில் புருவம் வரை வெள்ளையாக வீடு திரும்புவார், ஒரு தும்மல் கிடையாது. நம் பக்கத்தில் தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டிலிருந்து மெத்தை வரும் இல்லையா? யாழினிக்கும் அவரே தைத்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

இந்த ஊர்க் குளிருக்கு நாங்கள் பயந்த பயம் இருக்கிறதே! ஜன்னலைத் திறந்து போட்டே வளர்ந்தவர்கள், இங்கே வந்து அத்தனையையும் அடைத்தோம். தொழிற்பேட்டைப் புகை வந்துவிடும் என்று இடுக்கில் துணி வேறு. ஈரத்துணியெல்லாம் அறைக்குள்ளேயே காய்ந்தது, பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்தது. வெள்ளி தவறாமல் சாம்பிராணி. குழந்தைக்கு இழுப்பு வந்தால் நெஞ்சுச்சளி இளகட்டும் என்று இன்னும் கொஞ்சம் போட்டோம்.

போன மாதம் அவள் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் என் மனைவி செல்வி அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். நெபுலைசர் வைத்து மூச்சு சீரானபின் டாக்டர் எங்கள் வீட்டைப் பற்றித்தான் விசாரித்தார். ஜன்னலைத் திறக்க வேண்டும், பூஞ்சையைத் துடைக்க வேண்டும், புகையே கூடாது, விரிப்புகளை வெந்நீரில் துவைக்க வேண்டும் என்றார். கடைசியாக, மெத்தை என்ன பஞ்சு என்று கேட்டார். சொன்னேன்.

"பழசா? அத மொதல்ல வெளிய போடுங்க."

விஷத்தையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே பார்த்துப் பயந்திருக்கிறோம். அன்றே மெத்தையைத் தெருவாசலில் போட்டோம். அதைக் கண்டதும் கீழ்வீட்டுக்கார அம்மா முகம் வெளுத்து ஓடிவந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களுக்காகத் தமிழுக்கு மாறுவார்.

"யாருப்பா பூட்டாங்க? பாப்பா எங்கப்பா?"

சாவு வீட்டில்தான் மெத்தையை இப்படிப் போடுவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பாப்பா மாடியில் விளையாடுகிறாள் என்று சொல்லிவிட்டு, நானே ஒருமுறை மாடி ஏறி அவளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு இழுப்பு குறைந்தது, பயம் குறையவில்லை. நேற்று மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் மாடிப்படி ஏறி வந்து நின்றார். கடையிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்கிறார். சட்டை மடிப்பெல்லாம் பஞ்சு. வாசலுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்காவிட்டால் நம்மூரில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. தாத்தா என்று பாய்ந்த யாழினியைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் சட்டையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். கோபமில்லை. ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

"குளிச்சிட்டு வந்து பிள்ளையத் தூக்கவா மாப்ள?"

செல்வி அழுதுகொண்டே வெந்நீர் போட்டாள். கீழே பின்கட்டில் குளித்து, என் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பேத்தியைத் தூக்கினார். அவள் அவர் கழுத்தில் முகம் புதைத்து முகர்ந்து பார்த்தாள்.

"தாத்தா வாசமே வரல."

அந்த வாசம் அவர் கழற்றிய பஞ்சுச் சட்டையோடு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே எடுத்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.