மாடியில் எனக்கொரு அறை

தெற்கு பிரான்சில் எங்கள் குடும்பம் விடுமுறைக்குத் தங்குவதற்கு வீடு பார்த்தவன் நான். குடும்பத்தில் அங்கே போக முடியாதவனும் நான் ஒருவன்தான். கல்யாணத்துக்கு அழைப்பில்லாதவனைப் பந்தல் போடச் சொன்ன மாதிரி என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் பந்தலை நன்றாகவே போட்டேன். அதில் எனக்கு ஒரு வீம்பு இருந்தது.

அக்கா பாரிசில் இருக்கிறாள். தம்பி நோர்வேயில். அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே. நான் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருந்துகொண்டு, மற்றவர்களின் வீடுகளில் தரைக்கு ஓடு பதிக்கிறேன். படகில் வந்தவன். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேல்முறையீடும் இழுபட்டு, இன்றுவரை பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாவில்தான் காலம் போகிறது. வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் விசா செத்துவிடும், திரும்பி வர முடியாது. அம்மா இங்கே வருவதற்கு இரண்டு தடவை விண்ணப்பித்தா. இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். மகன் இப்படிப்பட்டவன் என்றால் தாயும் வந்தால் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்பது மற்றத் தாய்மாரின் ஆசையைப் போன்றதல்ல. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

நாங்கள் கடலில் இருந்தபோது படகு கவிழ்ந்துவிட்டதாக ஊரில் கதை பரவியது. கடலிலும் பிறகு தீவுத் தடுப்பு முகாமிலுமாக ஒரு மாதத்துக்கு மேல் என்னால் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க முடியவில்லை. அந்த இடைவெளியில் எனக்குச் செத்தவீடு கொண்டாடி, கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடித்துவிட்டார்கள். தம்பி அப்போது ஊரில் இருந்தான். மொட்டையடித்துக் கடமை செய்தவன் அவன்தான். இப்போது அவனுக்கு முடி கொட்டுவதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் நான் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அம்மா போனை வைத்துவிட்டா. திரும்ப எடுத்தேன், திரும்பவும் வைத்தா. மூன்றாம் முறை, முழங்காலில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டா. சைக்கிளோடு மதகில் விழுந்தது என்றேன். அம்மா அழத் தொடங்கினா. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கே அக்காவிடம், "பேய்க்கும் அது தெரிஞ்சிருக்குந்தானே" என்று சொல்லியிருக்கிறா.

பிறகு முகம் பார்த்துப் பேசும் போன் வந்தது. அதிலும் அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை. "காலைக் காட்டு" என்பா. பேய்க்குக் கால் நிலத்தில் பாவாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கட்டட வேலை நடக்கும் இடங்களில், சீமெந்து காய்ந்த காலை எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன். சப்பாத்தைக் கழற்றச் சொல்லுவா, கழற்றுவேன். ஒரு தடவை மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் நிறுத்துமிடத்தில் நின்று போனைப் பாதத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலை உடுத்த ஒரு அன்ரி என்னைச் சுற்றிக்கொண்டு போனா. இவ்வளவு காட்டியும் அம்மா கடைசியில் ஒன்றைத்தான் சொல்லுவா. ஒருக்காத் தொட்டுப் பார்த்தால் போதுமாம்.

அதனால்தான் அக்கா அந்தப் பொய்யைச் சொன்னாள். தெற்கு பிரான்சில் ஒரு நாட்டுப்புற வீட்டை எடுத்து எல்லாரும் கூடுவோம் என்று அவள் கேட்டபோது, அம்மா என் பெயரைச் சொல்லி, அவன் வராத இடத்துக்கு நான் ஏன் என்று மறுத்திருக்கிறா. உடனே அக்கா, அவனும் வாறான் என்று சொல்லிவிட்டாள். அம்மா முதலில் விமானம் ஏறட்டும், பிறகு பாப்பம் என்று எனக்குச் சொன்னாள். எங்கள் வீட்டில் பிள்ளையாருக்கு அடுத்த தெய்வம் இந்தப் ‘பிறகு பாப்பம்’தான். வீடு பார்க்கும் வேலையையும் என் தலையில் கட்டினாள். நான் பார்த்தால்தானே அம்மா நம்புவாவாம்.

கோபத்தோடுதான் தொடங்கினேன். அத்தானுக்கு நீச்சல் குளம் வேண்டும். தம்பியின் பிள்ளைகளுக்கு இணைய வசதி வேண்டும். அம்மாவுக்குப் படி ஏறாத அறையும், புட்டு அவிக்கக்கூடிய குசினியும் வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். குளத்தடியில் வழுக்குகிற பளபளப்பு ஓடு போட்ட வீடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கடைசியில் ஒரு கல்வீடு அகப்பட்டது. முன்னுக்குக் கொடிமுந்திரிகைப் பந்தல், பின்னுக்குச் சில ஒலிவ் மரங்கள், உள்ளே ஆறு மூலைச் சிவப்பு ஓடு. பழைய வேலை, நல்ல வேலை. ஒவ்வொரு ஓட்டின் விளிம்பும் ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்திருந்தது. எத்தனை தலைமுறைக் கால்கள் அதில் பட்டிருக்கும் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு உறுதியானதும் கோபம் போய் வேறொன்று வந்தது. வேலை முடிந்து வந்ததும் கூகிள் வரைபடத்தில் அந்த ஊர் வீதிக்குள் இறங்கிவிடுவேன். பாண் சுடும் கடையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு. இங்கே குளிர்காலம், ஜன்னலெல்லாம் ஈரம். அங்கே எப்போதும் அதே வெயில், அதே மத்தியானம். வீதியோரத்து மர வாங்கில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார், எந்த நாள் போனாலும் இருந்தார். முகத்தை மங்கலாக்கி விட்டிருந்தார்கள். ஒருநாள் அந்த வீதியில் நின்றபடி கீழே திரும்பிப் பார்த்தேன். தார் தெரிந்தது, வெள்ளைக் கோடு தெரிந்தது. நான் நிற்க வேண்டிய இடத்தில் கால் இல்லை. சட்டென்று மடிக்கணினியை மூடிவிட்டேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஆனாலும் மறுநாளும் போனேன். தம்பிக்குக் கார் வழி சொல்லும்போது, கிணற்றடியில் வலப்பக்கம் திரும்பாதே, அது வீண் சுற்று என்றேன். நீ எப்ப அங்க போனனி என்று கேட்டுச் சிரித்தான்.

அம்மா ஒருநாள் எனக்கு எந்த அறை என்று கேட்டா. நான் யோசிக்காமல், மாடியில் சின்ன அறை என்றேன். அப்படி ஒரு அறை இருந்தது. சரிந்த கூரை, ஒற்றை இரும்புக் கட்டில், ஒலிவ் மரங்களின் பக்கம் ஒரு ஜன்னல். தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பாய், வடக்கே வைக்காதே என்றா. வரைபடத்தில் பார்த்து, கிழக்கே என்று சொன்னேன். பொய்க்குத் திசையும் பார்த்தாயிற்று. அதன் பிறகு அந்த அறை அம்மாவின் வாயில் என் அறையாகவே இருந்தது. அதற்கென்று ஒரு படுக்கை விரிப்பு வாங்கினா. அயல் முழுக்கச் சொன்னா. கண்ணை மூடினால் அந்தக் கட்டிலில் யாரோ படுத்திருப்பது எனக்குத் தெரியத் தொடங்கியது. கிட்டப் போய் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன், முதல் இரவு தன் அறையில் படுக்கப்போவதில்லை என்று அம்மா சொன்னா.

"உன்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிலத்தில படுக்கிறன். எழும்பி எழும்பித் தொட்டுப் பாப்பன். நீ பேசாமல் நித்திரை கொள்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மா, நான் வரமாட்டேன் என்று சொன்னேன். விசாவைப் பற்றியும் போனால் திரும்ப முடியாததைப் பற்றியும் சொன்னேன். எதிர்ப்பக்கம் அம்மா மின்விசிறியை நிறுத்தினா.

"கொக்காவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தம்பிக்கு?"

"ஓம் அம்மா."

"அப்ப எனக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

அக்கா என்னைக் கிழிகிழியென்று கிழித்தாள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய், இனி அம்மா வந்த மாதிரித்தான் என்றாள். நானும் விடவில்லை. நான் செத்தேன் என்று தீர்மானித்தபோதும் என்னைக் கேட்கவில்லை, இப்போது வருகிறேன் என்று தீர்மானித்தபோதும் கேட்கவில்லை என்றேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர்கள் அப்போது அழுத அழுகை எனக்குத் தெரியாததல்ல.

கடைசியில் அம்மா பிரான்சுக்குப் போனா. ஏன் போக முடிவெடுத்தா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் என்னோடு பேசவில்லை. பாரிசில் இறங்கியும் பேசவில்லை, தெற்கே காரில் போகும்போதும் பேசவில்லை. குடும்பக் குழுவில் படங்கள் வந்துகொண்டிருந்தன. குளத்தில் பிள்ளைகள், பந்தலின் கீழ் அத்தான், பாண் கடை. எனக்குத் தெரியாத ஒரு மூலையும் அதில் இல்லை. அம்மா மட்டும் ஒரு படத்திலும் இல்லை. வாங்கில் அந்தக் கிழவர் இருக்கிறாரா என்று கேட்டிருந்தேன், இல்லை என்று தம்பி எழுதியிருந்தான்.

அவர்கள் அங்கே போன இரண்டாம் நாள், இங்கே விடிகிற நேரம், வேலைக்குப் போகக் காரை இயக்கிவிட்டுக் கண்ணாடியில் படிந்த பனி கரையும்வரை உள்ளே இருந்தேன். அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே இராச்சாப்பாடு முடிந்திருந்தது. அவள் அழுகிறாளா ஏசுகிறாளா என்று தெரியவில்லை. அம்மா பின்னேரம் முழுக்கக் குசினியில் நின்று சமைத்தாவாம். எல்லாரும் மேசையில் இருக்க, ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு கறி எல்லாம் போட்டு, தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஏற ஏலாத காலோடு மாடிப்படி ஏறி அந்தச் சின்ன அறைக்குப் போய்விட்டாவாம். தடுக்கப் பார்த்தும் கேட்கவில்லையாம்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் படைப்பினமோ? நீயே கேள்."

அம்மாவிடம் போனைக் கொடு என்றேன்.

அக்கா போனைக் கொடுத்தாள். பிறகு அம்மா பேசினா. பதறவில்லை, கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரல்தான்.

"கொக்கா விசர்க்கதை கதைக்கிறாள். செத்தவைக்குப் படைச்சால் கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியில நிக்கவேணும். நீ செத்தாய் எண்ட நேரம் உனக்கு அப்பிடித்தான் செய்தனான். வெளியில நிண்டு, நீ வந்து தின்னுறியோ எண்டு காது குடுத்துக் கேட்டனான்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இண்டைக்கு நான் வெளியில வரேல்லை. உன்ர கட்டில்ல இருந்து, உனக்குப் போட்டதை நான்தான் திண்டனான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கேல்லை."

என்ன கறி என்று கேட்டேன். கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் என்றா. அந்த நாட்டுக் கத்தரிக்காய் பார்வைக்குத்தான் பெரிசு, ருசியில்லை என்றா. பிறகு, அங்கே விடிந்துவிட்டதா, நீ சாப்பிட்டாயா என்று கேட்டா. இல்லை, வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கிறேன் என்றேன்.

"வெறு வயித்தோட போகாத. திண்டிட்டுப் போ."

காரை நிறுத்தினேன். வீட்டுக்குள் திரும்பிப் போய், முதல்நாள் சோற்றைச் சூடாக்கி, குசினியில் நின்றபடி சாப்பிட்டேன். போனை வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை. நான் முடிக்கும்வரை அம்மா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தா.